பில்லியன்: ஒரு சொல், இரண்டு எண்கள்

கடுமையான பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த இலங்கைக்கு சுமார் 3 பில்லியன் அமெரிக்க டாலர்களை வழங்க சர்வதேச நாணய நிதியம் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. லண்டனிலும் கொழும்பிலும் 3 பில்லியன் என்று குறிக்கப்படும் இத்தொகை சென்னையில் 300 கோடி டாலர். பாரிஸில் இது 3 மில்லியார். பெர்லினிலும் சூரிச்சிலும் 3 மில்லியார்டன்.

பெயர்கள் வேறாக இருப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. மொழிக்கு மொழி எண்ணுப் பெயர்கள் மாறுவது இயல்பே. ஆனால் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் பில்லியன் என்ற சொல்லும் இருக்கிறது. எழுத்துக்கூட்டல்கூட ஆங்கிலத்தில் உள்ளதுதான். அது குறிக்கும் எண் மட்டும் வேறு. ஆங்கில பில்லியனைப் போல ஆயிரம் மடங்கு பெரிய எண்ணையே அது அங்கு குறிக்கிறது. இலங்கைக்கான உதவித் தொகையை ஒருவர் ஜெர்மன் மொழியில் கவனக்குறைவாக 3 பில்லியன் என்று எழுதிவிட்டால், 300 கோடி டாலர் 3 லட்சம் கோடி டாலர் ஆகிவிடும்.

உலகின் பல நாடுகளில் பரவி வாழும் தமிழர்களில் பெரும்பாலானோர் இந்த இரு முறைகளில் ஏதேனும் ஒன்றுக்குள் வாழ்கின்றனர். அதற்கு மேல் லட்சம், கோடி என்ற மூன்றாவது முறையும் அவர்களுடைய மொழியில் இருக்கிறது. இந்நிலையில் இச்சொல் எங்கே பிறந்தது, ஏன் இரண்டு பொருள்களைப் பெற்றது என்பதை அறிந்துகொள்வது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஆயிரம் மடங்கின் அளவு

ஒன்றுக்குப் பின் 9 பூஜ்யங்களை இட்டால் கிடைப்பது இன்றைய ஆங்கில பில்லியன். அதாவது ஆயிரம் மில்லியன் அல்லது 100 கோடி. ஒன்றுக்குப் பின் 12 பூஜ்யங்களை இட்டால் கிடைப்பது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கும் பில்லியன். அதாவது பத்து லட்சம் மில்லியன் அல்லது ஒரு லட்சம் கோடி. இதையே இன்றைய ஆங்கிலம் டிரில்லியன் என்கிறது.

மூன்று பூஜ்யங்கள்தானே என்று தோன்றக்கூடும். இந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ள காலத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரு மில்லியன் விநாடிகள் என்பது பதினொன்றரை நாட்களுக்குச் சற்று அதிகம். ஆயிரம் மில்லியன் விநாடிகள் ஏறக்குறைய 31 ஆண்டுகள் 8 மாதங்கள். மில்லியன் மில்லியன் விநாடிகளோ 31,000 ஆண்டுகளுக்கும் அதிகம். ஒரு பில்லியன் ஒரு தலைமுறைக் காலம் என்றால், மற்றொரு பில்லியன் மனிதன் வேளாண்மையைத் தொடங்குவதற்கும் முந்தைய காலத்துக்கு நம்மை அழைத்துச் சென்றுவிடும்.

சொல்லின் பிறப்பு

இந்தக் கதை மில்லியன் என்ற சொல்லில் இருந்து தொடங்குகிறது. லத்தீன் மொழியில் மில்லே என்றால் ஆயிரம். அதனுடன் பெரியது என்ற பொருள்தரும் விகுதியைச் சேர்த்து, பெரிய ஆயிரம் என்ற பொருளில் இத்தாலியர்கள் மிலியோனே என்ற சொல்லை உருவாக்கினர். மத்திய காலத்தின் பிற்பகுதியில் அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கும் பரவியது. ஆயிரம் ஆயிரம் என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்த எண்ணுக்கு அதன்மூலம் ஒற்றைச் சொல் கிடைத்தது.

வணிகமும் வானியலும் கணிதமும் வளர்ந்தபோது அதற்கும் மேற்பட்ட எண்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. பிரான்ஸின் லியோன் நகரில் வாழ்ந்த நிக்கோலா ஷூக்கே என்ற கணித அறிஞர் 1484ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதற்கு ஓர் ஒழுங்கான முறையை முன்வைத்தார். நீண்ட எண்ணை ஆறு ஆறு இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். முதல் பிரிவுக்கு மேற்பட்டது மில்லியன், இரண்டாவதற்கு மேற்பட்டது பில்லியன், மூன்றாவதற்கு மேற்பட்டது டிரில்லியன். இவ்வாறே ஒன்பதாவது பிரிவு வரை அவர் பெயரிட்டுச் சென்றார்.

இப்பெயர்களின் முன்னொட்டுகள் பொருளற்றவை அல்ல. பை என்பது லத்தீனில் இரண்டைக் குறிப்பது. டிரை என்பது மூன்றைக் குறிப்பது. மில்லியனை இருமுறை எழுதிப் பெருக்கினால் பில்லியன். மும்முறை எழுதிப் பெருக்கினால் டிரில்லியன். பெயரைக் கேட்டவுடனேயே எண்ணைக் கணக்கிட்டுவிடக்கூடிய முறை இது.

ஷூக்கேயின் நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. எனினும் அவருடைய கருத்துகளில் பலவற்றை எத்தியேன் த லா ரோஷ் என்பவர் 1520ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் சேர்த்துக்கொண்டார். மூல நூல் 1880ஆம் ஆண்டில்தான் அச்சு வடிவம் பெற்றது. இதற்கிடையே, மில்லியார் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர்களின் எழுத்துகளில் இடம்பெறத் தொடங்கி, காலப்போக்கில் ஆயிரம் மில்லியன் என்ற பொருளில் நிலைத்தது.

17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலும் ஷூக்கேயின் முறையே அறிஞர்களிடம் வழங்கியது. தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவு குறித்த தமது புகழ்பெற்ற நூலில், பெரிய எண்களை மனத்தில் தெளிவாகப் பிரித்தறிய அவற்றுக்குப் பெயர்கள் தேவை என்று வாதிட்டார். அதற்கு எடுத்துக்காட்டாக ஆறு ஆறு இலக்கங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு நீண்ட எண்ணையே அவர் காட்டினார்.

பிரான்ஸில் ஏற்பட்ட பிளவு

முறையைத் தந்த பிரான்ஸிலேயே அது பிளவுபட்டது. எண்களை எழுதும்போது மூன்று இலக்கங்களுக்கு ஒருமுறை இடைவெளியோ காற்புள்ளியோ இடுவது பரவலானது. ஒவ்வொரு மூன்று இலக்கத்துக்கும் ஒரு புதிய பெயர் என்பது எளிதாக இருக்கும் என்று சிலர் கருதினர். இதன்படி மில்லியனுக்கு அடுத்த மூன்று இலக்கங்களைக் கடந்தவுடனேயே பில்லியன் வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் தோன்றிய இவ்வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வலுப்பெற்றது.

இந்த மாற்றத்தால் முன்னொட்டுகளின் தர்க்கம் குலைந்தது. புதிய முறையில் பில்லியன் என்பது மில்லியனின் இருமடிப் பெருக்கம் அன்று. ஆயிரத்தை மும்முறை எழுதிப் பெருக்கினால் கிடைப்பது அது. பெயரில் இரண்டு இருக்கிறது. கணக்கிலோ மூன்று வருகிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணை ஊகிக்க முயல்பவர் இன்று தவறுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கா இந்தப் புதிய பிரெஞ்சு முறையை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனோ பழைய முறையையே தொடர்ந்தது. இவ்வாறு 19ஆம் நூற்றாண்டில் ஒரே ஆங்கில மொழியின் இரு கரைகளிலும் ஒரே சொல் இரு எண்களைக் குறித்தது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுக்கு முன் வெளியான நூல்களைப் படிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இதை மனத்தில் கொள்வது அவசியம். ஆயிரம் மில்லியன் என்று அந்நூல்களில் வளைத்து எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பில்லியன் என்ற சொல் அவர்களுக்கு வேறு எண்ணுக்கு உரியதாக இருந்ததே இதற்குக் காரணம்.

இடம் மாறிய இரு நாடுகள்

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விசித்திரமான ஒரு திருப்பம் நிகழ்ந்தது. மூன்று இலக்க முறைக்குப் பிறப்பிடமாக இருந்த பிரான்ஸ், 1961ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகப் பழைய முறைக்கே திரும்பியது. அன்று முதல் அந்நாட்டில் ஆயிரம் மில்லியன் என்பது மில்லியார். மில்லியன் மில்லியன் என்பது பில்லியன்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டன் எதிர்த்திசையில் நகர்ந்தது. அமைச்சர்கள் பில்லியன் என்ற சொல்லை பிரிட்டனின் மரபான பொருளில் மட்டுமே பயன்படுத்துவதை அரசு உறுதிசெய்யுமா என்று ராபின் மேக்ஸ்வெல் ஹிஸ்லொப் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கேள்வி எழுப்பினார். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி அதற்கு எழுத்து மூலம் பதிலளித்த பிரதமர் ஹரோல்ட் வில்சன், அதை மறுத்தார். இச்சொல் சர்வதேச அளவில் ஆயிரம் மில்லியனையே குறிப்பதாகவும், பிரிட்டிஷ் அமைச்சர்கள் வேறு பொருளில் கையாண்டால் குழப்பமே விளையும் என்றும் அவர் குறிப்பிட்டார். அதேவேளை, நாட்டில் சிலர் பழைய பொருளில் புரிந்துகொள்ளக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட அவர், பொருள் மயக்கம் ஏற்படாதவாறு பார்த்துக்கொள்ளும்படி சக அமைச்சர்களைக் கேட்டுக்கொள்வதாகவும் கூறினார்.

பிரிட்டன் ஏன் இறங்கி வந்தது? போருக்குப் பிந்தைய உலகில் நிதி, அறிவியல், செய்தி ஆகிய துறைகளில் அமெரிக்காவின் செல்வாக்கு ஓங்கியிருந்தது முதல் காரணம். இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. அரசுகளின் வரவு செலவுத் திட்டங்கள் ஆயிரக்கணக்கான மில்லியன்களை எட்டிவிட்டதால் அந்த அளவுக்கு ஒரு சிறிய பெயர் அன்றாடம் தேவைப்பட்டது. மில்லியன் மில்லியன் என்ற அளவோ அக்காலத்தில் வானியலாளர்களைத் தவிர மற்றவர்களுக்கு அரிதாகவே தேவைப்பட்டது. மில்லியார்ட் என்ற சொல் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றிருந்தும் பொதுமக்களின் நாவில் ஏறவில்லை. ஆனால் அந்நியச் செலாவணித் தரகர்கள் ஆயிரம் மில்லியனை இன்றும் யார்ட் என்று குறிப்பிடுவது உண்டு. மில்லியார்ட் என்பதன் தேய்ந்த வடிவமே அது. தொலைபேசியில் மில்லியனும் பில்லியனும் ஒன்றுபோல் ஒலிக்கும் ஆபத்தை அச்சொல் தவிர்க்கிறது.

இன்றைய நிலை

இன்று ஆங்கிலம் பேசும் நாடுகள் அனைத்திலும் பில்லியன் என்பது ஆயிரம் மில்லியன்தான். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, நெதர்லாந்து, நார்வே, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் அது மில்லியன் மில்லியன். ஸ்பானிய மொழியிலும் பழைய பொருளே நிலைக்கிறது. ஆயிரம் மில்லியனைக் குறிக்க ஸ்பானிய மொழியில் தனிச்சொல் இல்லாத குறையைப் போக்க, வெனிசுவேலாவின் அப்போதைய அதிபர் ரஃபேல் கால்டெராவின் வேண்டுகோளை ஏற்று, ஸ்பானிய மொழி அகாதெமி 1995ஆம் ஆண்டில் மில்லார்தோ என்ற சொல்லை ஏற்றது. எனினும் ஆயிரம் மில்லியன் என்று விரித்துச் சொல்லும் வழக்கமே அங்கு மேலோங்கி நிற்கிறது.

ஒரே மொழிக்குள்ளும் பிளவு உண்டு. போர்ச்சுகலில் ஒரு பொருளும் பிரேசிலில் மற்றொரு பொருளும் வழங்குகின்றன. அண்டை நாடுகளான மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பேசப்படுபவை நெருங்கிய உறவுடைய மொழிகள். ஆயினும் ஆயிரம் மில்லியனை மலேசியர் பிலியன் என்றும் இந்தோனேசியர் மிலியார் என்றும் அழைக்கின்றனர். ரஷ்ய, துருக்கிய மொழிகள் இரு முறைகளையும் கலந்து, ஆயிரம் மில்லியனுக்கு மில்லியார் என்ற பெயரையும் அதற்கு அடுத்த படிக்கு டிரில்லியன் என்ற பெயரையும் வைத்துள்ளன.

கனடாவின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. அந்நாட்டு மத்திய அரசின் ஆவணங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் வெளிவருகின்றன. ஆங்கிலப் பக்கத்தில் பில்லியன் என்று இருக்கும் தொகை பிரெஞ்சுப் பக்கத்தில் மில்லியார் ஆகிறது. டொரோண்டோவில் ஆங்கிலத்தில் பயிலும் தமிழ்க் குழந்தையும் மொன்றியலில் பிரெஞ்சில் பயிலும் தமிழ்க் குழந்தையும் பில்லியன் என்ற சொல்லுக்கு ஒரே நாட்டில் இரு வேறு விடைகளைக் கற்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் நிலையும் இதுதான்.

இதனாலேயே அறிவியல் உலகம் இச்சொல்லை எச்சரிக்கையோடு அணுகுகிறது. சர்வதேச அலகு முறையில் 1960ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட கிகா, டெரா என்ற முன்னொட்டுகளுக்கு எந்த மொழியிலும் ஒரே பொருள்தான். கணினி வாங்குபவர்கள் அன்றாடம் கேட்கும் கிகாபைட், டெராபைட் ஆகிய சொற்களில் உள்ளவை இவையே.

நோட்டுகளில் அச்சான குழப்பம்

எண்ணுப் பெயர்களுக்குக் கடுமையான சோதனை பணவீக்கக் காலங்களில்தான் நேர்ந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ஒரு அமெரிக்க டாலரின் மதிப்பு 4.2 பில்லியன் மார்க் என்று ஜெர்மன் நூல்கள் கூறும். இன்றைய ஆங்கில வரலாற்று நூல்கள் அதை 4.2 டிரில்லியன் என்று கூறும். இரண்டும் சரியே. தமிழில் அது 4.2 லட்சம் கோடி.

ஹங்கேரி 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 100 மில்லியன் பில்-பெங்கோ நோட்டுதான் உலகில் புழக்கத்துக்கு வந்தவற்றில் மிக உயர்ந்த மதிப்பிலக்கம் கொண்டது. இதில் பில் என்பது ஹங்கேரிய முறையிலான பில்லியன், அதாவது மில்லியன் மில்லியன். நோட்டின் மதிப்பு 1க்குப் பின் 20 பூஜ்யங்கள். அத்தனை பூஜ்யங்களையும் அச்சிடாமல், மதிப்பு எழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது.

ஜிம்பாப்வே 2009ஆம் ஆண்டில் 100 டிரில்லியன் டாலர் நோட்டை வெளியிட்டது. ஆங்கில முறைப்படி இது 1க்குப் பின் 14 பூஜ்யங்கள். தமிழில் சரியாக ஒரு கோடி கோடி. கணக்கற்றது என்ற பொருளில் நாம் வழங்கும் கோடானுகோடி அங்கு நோட்டின் மதிப்பாகவே வந்துவிட்டது. இந்த 100 டிரில்லியனை ஒருவர் ஜெர்மன் முறையில் பொருள்கொண்டால் 1க்குப் பின் 20 பூஜ்யங்கள் வரும். அதாவது ஹங்கேரிய நோட்டின் அதே இலக்கம். பத்து லட்சம் மடங்கு வேறுபட்ட இரு எண்கள், ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒன்றாகிவிடக்கூடும்.

லட்சமும் கோடியும்

இந்தியத் துணைக்கண்டம் இச்சிக்கலுக்கு வெளியே நிற்கிறது. ஆயிரத்துக்கு மேல் இரண்டு இரண்டு இலக்கங்களாக நகரும் லட்சம், கோடி முறை தனக்கே உரிய ஒழுங்கு கொண்டது. இருப்பினும் எண்ணுப் பெயர்கள் இடம் மாறுவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. யஜுர் வேதத்தின் எண்ணுப் பட்டியலில் அற்புதம் என்பது இன்றைய கோடிக்குச் சமம். ஆரியபட்டர் அதே பெயரைப் பத்துக் கோடிக்கு வைத்தார். அதிலிருந்து வந்த அரப் என்ற சொல் இன்றைய இந்தியில் நூறு கோடியைக் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு படிகள் ஏறியிருக்கிறது.

தமிழ் எழுத்துலகிலும் இன்று இரு வழக்கங்கள் உள்ளன. தமிழகத்து ஏடுகள் கோடியில் எழுதுகின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் தமிழ் ஏடுகளில் மில்லியனும் பில்லியனும் இயல்பாகப் புழங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலான பாலம் எளிமையானது. ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. உலக மக்கள்தொகை 2022ஆம் ஆண்டு நவம்பரில் 8 பில்லியனை எட்டியதாக ஐ.நா. அறிவித்தது, அது 800 கோடி. 5 டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவித்த இலக்கு, 5 லட்சம் கோடி டாலர்.

ஆனால் இந்தப் பாலம் ஆங்கிலக் கரையில் இருந்து மட்டுமே போடப்பட்டது. ஜெர்மன் நாளேட்டையோ நார்வேயின் அரசு அறிக்கையையோ படித்துத் தமிழில் எழுதுபவர், அங்குள்ள பில்லியனை நூறு கோடி என்று மாற்றினால் தொகை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அங்கு நூறு கோடிக்கு உரிய சொல் மில்லியார்ட்.

நிறுத்தக்குறிகளும் கவனத்துக்கு உரியவை. ஆங்கிலத்தில் ஆயிரங்களைப் பிரிப்பது காற்புள்ளி, ஜெர்மனியில் புள்ளி, சுவிட்சர்லாந்தில் மேற்குறி. ஆங்கிலத்தில் 3.2 என்று எழுதப்படும் தசம எண் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 3,2 என்று எழுதப்படும். சொல்லைச் சரியாக மொழிபெயர்த்தும் புள்ளியைத் தவறாகப் படித்தால் பயன் இல்லை.

எண்கள் உலகப் பொதுவானவை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இலக்கங்களைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் எண்ணுக்கு இடப்படும் பெயர், பிற சொற்களைப் போலவே, மக்களின் உடன்பாட்டால் வாழ்வது. அந்த உடன்பாடு எல்லைக்கு எல்லை மாறுகிறது. சில வேளைகளில் ஒரு பிரதமரின் பதிலால்கூட மாறிவிடுகிறது. கடன் பத்திரத்தையோ காப்புறுதி ஆவணத்தையோ செய்தியையோ ஒரு மொழியில் இருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்பவர், பில்லியன் என்ற சொல்லைக் கண்டவுடன் அது எந்த மொழியின் பில்லியன் என்று முதலில் பார்க்க வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் பூஜ்யங்களை எண்ணிப் பார்த்துவிடுவதே பாதுகாப்பான வழி.